போன் போதையா, பழக்கமா, பயமா? - கொஞ்சம் புரிந்து கொள்வோமே...



"போனுக்கு அடிமை ஆயிட்டான்". எங்கள் தெருவில் இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்கலாம். மூன்று வயது குழந்தை சோறு சாப்பிட போன் கேட்டு அழுதாலும் இதே வார்த்தை. காலேஜ் படிக்கிற பையன் பஸ்ஸில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தாலும் இதே வார்த்தை. ராத்திரியில் கதவை சாத்திக்கொண்டு எவனாவது "அந்த மாதிரி" வீடியோ பார்க்கிறான் என்று சந்தேகம் வந்து விட்டால் மட்டும் வார்த்தை மாறி விடும். "கெட்டுப் போயிட்டான்". அவ்வளவு தான், கேஸ் முடிந்தது.

எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம். பழக்கம், நோய், வெட்கம்.. இந்த மூன்றும் வேறு வேறு இல்லையா? மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி "அடிமை" என்று பெயர் எழுதி ஒட்டி விட்டால், உண்மையிலேயே மாட்டிக்கொண்டவன் எப்படி வெளியே வருவான்? எனக்குத் தெரிந்த ஒருவர் மாட்டிக்கொண்டார். அதனால் தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர். திருவண்ணாமலை மாவட்டம் தேவிகாபுரம். ஆரணி பட்டு என்று கடையில் வாங்குகிறீர்களே, அதில் நிறைய எங்கள் ஊர் மாதிரி சுற்று வட்டாரத்து ஊர்களில் நெய்தது தான். பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரம் தூரத்தில் இருந்தே தெரியும். பக்கத்தில் மலை மேல் கனககிரீஸ்வரர். தெருவில் நடந்து போனால் தறிச் சத்தம் கேட்காத வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் தறி உண்டு. அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றுவது, இழை எடுத்துக் கொடுப்பது என்று கூடவே இருப்பார். நான் லீவு நாட்களில் உதவி. (உதவி என்று நான் சொல்கிறேன். அப்பாவைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வார்.)

தறி வேலையில் ஒரு விசேஷம் என்னவென்றால், அதில் கவனம் எவ்வளவு போனது என்று இஞ்ச் கணக்கில் தெரிந்து விடும். ஆபீஸில் உட்கார்ந்து போன் பார்த்தால் யாருக்கும் தெரியாது. தறியில் அப்படி முடியாது. இன்று எத்தனை இஞ்ச் நெய்தோம் என்பது படைமரத்தில் சுற்றியிருக்கிற துணியிலேயே இருக்கிறது. கூலி புடவைக்குத் தானே தவிர நாளுக்கு இல்லை. டிசைனைப் பொறுத்து நாலைந்து நாளிலும் ஒரு புடவை முடியும், இரண்டு வாரமும் இழுக்கும். ஒரு இழை அறுந்ததை கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்து விட்டால் பிரித்துத் தான் ஆக வேண்டும்.

முன்பெல்லாம் தறி வீட்டில் ரேடியோ பாடும். அதற்குப் பிறகு எஃப்.எம். இரண்டும் காதுக்குத் தான். கை, கால், கண் மூன்றும் தறிக்கே சொந்தம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு தான் கதை மாறியது. அதுவரை காசு போட்டு எண்ணி எண்ணி செலவு செய்த இன்டர்நெட், ஒரே நாளில் தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்தது. இப்போது நிறைய வீடுகளில் தறிக்கு மேலே கயிறு கட்டி போன் தொங்குகிறது. சீரியல், பட்டிமன்றம், பழைய படம்.. பாதி பேர் காதால் மட்டும் தான் கேட்கிறார்கள், அதில் பிரச்சனை ஒன்றும் இல்லை. பிரச்சனை, கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற சமாச்சாரத்தில். ஏனென்றால் அதற்கு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

சரி, அந்தத் தள்ளலில் அப்படி என்ன தான் இருக்கிறது?

இதற்கு பதில் ஃபேஸ்புக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே கிடைத்து விட்டது. அமெரிக்காவில் பி.எஃப். ஸ்கின்னர் என்று ஒரு உளவியலாளர். புறாவை ஒரு பெட்டியில் விட்டு, ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால் புறா பசி தீரும் வரை கொத்தும், பிறகு போய் விடும். ஆனால் எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி, ஒரு முறை மூன்றுக்கு, ஒரு முறை இருபதுக்கு, ஒரு முறை ஏழுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்? புறா விடாமல் கொத்திக் கொண்டே இருக்கிறது. தானியத்தை நிறுத்திய பிறகும் ரொம்ப நேரம் கொத்துகிறது. சூதாட்ட மெஷின் வேலை செய்வது இதே கணக்கில் தான். ரீல்ஸும் அப்படியே. பத்து மொக்கை, ஒன்று சூப்பர், மறுபடி ஆறு மொக்கை. எல்லாமே சூப்பராக இருந்தால் நாம் சீக்கிரம் எழுந்து போய் விடுவோம் என்று நினைக்கிறேன் :)

அடுத்தது டோபமின். இந்த வார்த்தை இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது, "சந்தோஷ ரசாயனம்" என்று. அது அவ்வளவு சரி இல்லை. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமின் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று அளந்து பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கொடுத்தால் துடித்தன. பிறகு சாறு வருவதற்கு முன்னால் ஒரு சைகை காட்டிப் பழக்கினார். பழகியதும் சாறு வரும்போது துடிப்பு இல்லை, சைகையைப் பார்த்ததுமே துடிப்பு! சைகை காட்டி விட்டு சாறு கொடுக்காமல் விட்டால், துடிப்பு வழக்கத்தை விடக் கீழே இறங்கியது. அதாவது இது கிடைத்ததற்கான சந்தோஷம் இல்லை, கிடைக்கப் போகிறது என்கிற பரபரப்பு. கென்ட் பெரிட்ஜ் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் இதை வேறு மாதிரி பிரித்துக் காட்டினார். மூளையில் "வேண்டும்" என்பது ஒரு வேலை, "பிடிக்கிறது" என்பது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய முடிச்சு அவிழ்ந்தது. "பிடிக்கவே இல்லைடா, ஆனா பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்கிறவன் பொய் சொல்லவில்லை. பிடிப்பது நின்று போய் ரொம்ப நாளாகியும், வேண்டும் என்பது மட்டும் நிற்காமல் ஓடலாம்.

மூன்றாவது, முடிவே இல்லாத பக்கம். 2006ல் அஸா ராஸ்கின் என்பவர், பக்கத்தின் அடிக்குப் போனதும் அடுத்தது தானாகவே வந்து சேருகிற வடிவத்தை உருவாக்கினார். பிறகு அதற்காக அவரே வருத்தப்பட்டுப் பேசினார். 2009ல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. 2017ல் அதே ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனதின் ஒரு பலவீனத்தைத் தெரிந்தே தான் பயன்படுத்திக் கொண்டோம் என்கிற அர்த்தத்தில் மேடையில் பேசினார். புடவைக்கு முந்தானை வந்தால் நெய்கிறவன் எழுந்து காலை நீட்டலாம். ரீல்ஸுக்கு முந்தானையே கிடையாது.

நிற்க. இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். இதில் சிக்குவதற்கு தனியாக புத்தி கெட வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் நோயாளிகளா?

"இன்டர்நெட் அடிமை நோய்" என்ற பெயரே ஒரு கிண்டலில் பிறந்தது என்றால் நம்புவீர்களா? 1995ல் ஐவன் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், எதற்கெடுத்தாலும் நோய் என்று பெயர் வைக்கிற பழக்கத்தை நக்கலடிக்க, இப்படி ஒரு நோய் இருப்பதாக அறிகுறி எல்லாம் போட்டு எழுதினார். படித்தவர்களில் சிலர் "ஐயா, எனக்கு இது இருக்கிறது, உதவுங்கள்" என்று அவருக்கே எழுத ஆரம்பித்து விட்டார்கள்!! கிட்டத்தட்ட அதே சமயத்தில் கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் இதை நிஜமாகவே ஆராய ஆரம்பித்திருந்தார். ஆக ஜோக்கும் ஆராய்ச்சியும் ஒன்றாகவே கிளம்பின.

இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஐசிடி-11. 2019ல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கேம் விளையாடுவதில் கட்டுப்பாடு இழப்பது ஒரு கோளாறாக இருக்கிறது. சோஷியல் மீடியாவுக்கு என்று தனிப் பெயர் இல்லை. ஆபாசப் படத்துக்கும் தனியாக இல்லை, ஆனால் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்ற தலைப்பு இருக்கிறது, ஆபாசப் படமும் அதற்குள் வரும். அதையும் போதைப் பிரிவில் வைக்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அது போதையா இல்லையா என்பதில் நிபுணர்களே இன்னும் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

அதில் முக்கியமானது, ஒருவர் எத்தனை மணி நேரம் பார்க்கிறார் என்பதோ என்ன பார்க்கிறார் என்பதோ இல்லை. நிறுத்த முயன்றும் முடியவில்லையா? படிப்பு, வேலை, உடம்பு, உறவு எல்லாம் பின்னால் போய் விட்டதா? கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும், இன்பமே கிடைக்காமல் போயும் தொடர்கிறதா? இது ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா? இவைதான் கேள்விகள். கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கே தான் நான் அசந்து போனேன். இது தப்பு, பாவம் என்ற ஒழுக்க உணர்வினால் மட்டுமே ஒருவர் வேதனைப்படுகிறார் என்றால், அந்த வேதனையை மட்டும் வைத்து இந்த நோய் என்று சொல்லக் கூடாதாம்.

ஜோஷுவா க்ரப்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் இதைத் தான் வருஷக்கணக்காகப் பார்த்தார்கள். ஆபாசப் படம் ஒழுக்கக்கேடு என்று உறுதியாக நம்புகிறவர்கள், கொஞ்சமாகப் பார்த்தாலும் "நான் அடிமை" என்று தங்களைச் சொல்லிக் கொள்வது அதிகமாம். பார்க்கிற அளவை விட, பார்ப்பதைப் பற்றிய வெட்கம் தான் அந்த எண்ணத்தை வலுவாக்குகிறது.

இதை வைத்து "அப்போ ஒன்றும் இல்லை, பார்க்கலாம்" என்று யாரும் கிளம்பி விட வேண்டாம். நான் சொல்ல வருவது அது இல்லை. நிஜமான நோயும் இருக்கிறது, வெறும் குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும். வாயைத் திறந்து பேசினால் மட்டுமே எது என்று பிரித்துப் பார்க்க முடியும். எங்கள் ஊர் மாதிரி, ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கிற ஊரில், பேசுவது தான் கஷ்டம்.

இப்போது அந்த அண்ணன் கதைக்கு வருகிறேன். எனக்கு அண்ணன் முறை. அவர் சம்மதத்தோடு தான் எழுதுகிறேன், ஆளைத் தெரியக் கூடாது என்பதற்காக சில விவரங்களை விட்டு விட்டேன். நல்ல நெசவாளி. கோர்வை பார்டர் அவர் கை பட்டால் தனியாகத் தெரியும். ஒரு சமயம் புடவை முடிய வழக்கத்தை விட இரண்டு மடங்கு நாளானது. கண் எல்லாம் சிவந்து, மதியம் வரை தூக்கம். தெருவில் எல்லோரும் குடிக்கிறான் என்று முடிவு கட்டி விட்டார்கள். பெரியம்மா கோயிலில் வேண்டிக்கொண்டு கயிறு கூடக் கட்டினார்கள். அவர் குடிக்கவே இல்லை என்பது தான் வேடிக்கை. "குடிக்கிறேன்"னு ஊர் நினைச்சதே நல்லதுன்னு விட்டுட்டேன்டா, என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். யோசித்துப் பாருங்கள்... குடிகாரன் என்ற பட்டமே மேல் என்று ஒரு மனிதன் நினைக்கிறான்.

ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸில் ஆரம்பித்து, அதில் இருந்து அது, அதில் இருந்து இது என்று போய், மூன்று நாலு மணிக்குத் தான் போன் கீழே இறங்குமாம். இது பல மாதமாக. நிறுத்த வேண்டும் என்று இரண்டு முறை போனையே விற்றிருக்கிறார். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் வேறு போன்.

பிறகு ஒரு நாள் தெரியாத நம்பரில் இருந்து வாட்ஸப்பில் வீடியோ கால். ஒரு பெண். பதினைந்து இருபது வினாடி தான். அடுத்த பத்து நிமிஷத்தில் இவர் முகத்தையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து ஒரு வீடியோ வந்தது. கூடவே இவருடைய ஃபேஸ்புக் நண்பர்கள் பட்டியல், அதில் எங்கள் சித்தப்பா பெயர், முதலாளி பெயர், கட்டிக்கப் போகிற பெண்ணின் அண்ணன் பெயர். பணம் அனுப்பு, இல்லை என்றால் எல்லோருக்கும் போகும். இவர் அனுப்பினார். மறுநாள் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் பேசினான், கேஸ் போடாமல் இருக்க இன்னும் கொஞ்சம் பணம். அதையும் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி அனுப்பினார். நெய்யாத புடவைக்குக் கூலியை முன்னாலேயே வாங்கி எவனோ முகம் தெரியாதவனுக்குக் கொடுத்தாயிற்று.

இந்த மோசடி நாடு முழுக்க நடக்கிறது. அந்தக் கும்பல்கள் விற்பது வீடியோவை இல்லை. நம் வெட்கத்தை நமக்கே விற்கிறார்கள். வெட்கம் எங்கே அதிகமோ அங்கே விலையும் அதிகம். பணம் கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள், கொடுக்கிறவன் என்று தெரிந்து மறுபடி வருவார்கள். செய்ய வேண்டியது: பணம் அனுப்பக் கூடாது, வந்த மெசேஜ், நம்பர் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக் கொண்டு பிளாக் செய்ய வேண்டும், உடனே 1930க்கு போன் செய்ய வேண்டும். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். மிரட்டிப் பணம் பறிக்கிறவன் தான் குற்றவாளி, மிரட்டப்பட்டவன் இல்லை.

அண்ணனுடைய பெரிய பயம் "பார்த்ததுக்கே என்னை உள்ளே தள்ளிடுவாங்களா?" என்பது. நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது, அதனால் சட்டத்தையும் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். வயது வந்த ஒருவர், வயது வந்தவர்கள் நடித்த படத்தைத் தனியாகப் பார்ப்பது மட்டுமே குற்றம் ஆகாது. 2023ல் கேரள உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அதை வெளியிடுவது, அடுத்தவருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். வாட்ஸப் குரூப்பில் "ஃபார்வர்ட்" செய்கிற மகானுபாவர்கள் கவனிக்கவும்! ஆனால் குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் கதையே வேறு. அங்கே தேடுவது, பார்ப்பது, இறக்குவது எல்லாமே குற்றம்.

நம் தமிழ்நாட்டிலேயே இது பெரிய வழக்காக வந்தது. சென்னையைச் சேர்ந்த 28 வயது இளைஞர் ஒருவர் போனில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோக்களை வைத்திருந்ததாக வழக்கு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கை ரத்து செய்தார். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஆபாசப் படப் பழக்கத்தோடு போராடுகிறார்கள், திட்டித் தண்டிப்பதை விட்டு அவர்களுக்குப் புரிய வைக்கிற பக்குவம் சமூகத்துக்கு வர வேண்டும் என்கிற மாதிரி அதில் சொல்லியிருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி வைத்து வழக்கை மறுபடி உயிர்ப்பித்தது. பரப்பும் எண்ணத்தோடு அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம் என்றது. "குழந்தை ஆபாசப் படம்" என்ற சொல்லையே விட்டு விட்டு, குழந்தை மீதான பாலியல் சுரண்டல், வன்கொடுமை என்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்றது. பாலியல் கல்வி பற்றியும் அதே தீர்ப்பில் விரிவாகப் பேசினார்கள்.

என்னைக் கேட்டால், முடிவில் உச்ச நீதிமன்றம் சொன்னது தான் சரி. அந்த வீடியோவில் இருப்பது நடிப்பு இல்லை, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை. பார்க்கிறவனின் பழக்கம் அங்கே சாக்காக வர முடியாது. ஆனால் உயர் நீதிமன்றம் தொட்ட அந்த இன்னொரு விஷயம், திட்டுவதால் யாரும் வெளியே வருவதில்லை என்பது, அண்ணன் மாதிரி ஆட்களைப் பொறுத்தவரை முழு உண்மை. இரண்டையும் ஒரே சமயத்தில் நம்ப முடியும் என்று தான் நினைக்கிறேன்.

"எல்லாத்தையும் தடை பண்ணிட்டா?" என்று கேட்பீர்கள். பண்ணிப் பார்த்தாயிற்று. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு 857 தளங்களை மூடச் சொன்னது, எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே பின்வாங்கியது. 2018ல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள் மூடப்பட்டன. மூடியதும் வி.பி.என். என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பையன் கூடத் தெரிந்து கொண்டான். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை போட்டது, மூன்று வாரத்தில் விலக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு வேறு காரணத்துக்காக டிக்டாக்கை ஒரேயடியாகத் தடை செய்தது. அடுத்த மாதமே இந்தியாவில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். எங்கள் தெருவில் டான்ஸ் ஆடிக் கொண்டிருந்தவர்கள் மேடை மாறினார்கள், அவ்வளவே. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சோஷியல் மீடியா கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2025 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறு பிள்ளைகளுக்கு வேலி போடுவது நல்லது தான். ஆனால் இருபத்தாறு வயது நெசவாளிக்கு எந்த வேலி?

அண்ணன் எப்படி வெளியே வந்தார் என்றால், மூன்றாவது முறை பணம் கேட்டபோது கையில் காசு இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடம் கேட்டார். எதுக்குண்ணா என்றேன். ரொம்ப நேரம் தார்க்குச்சியை உருட்டிக் கொண்டே இருந்து விட்டுச் சொன்னார். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. "சரிண்ணா, இதுல இன்னா இருக்கு" என்றேன். நிஜமாகவே அவ்வளவு தான் சொன்னேன். அவர் முகத்தில் வந்த மாற்றத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

1930க்கு இரண்டு பேரும் சேர்ந்து தான் போன் செய்தோம். போன பணம் திரும்பி வரவில்லை. ஆனால் மிரட்டல் அதோடு நின்றது, சித்தப்பாவுக்கு எந்த வீடியோவும் வரவில்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அண்ணன் அதற்குள் தேறி விட்டார்.

பிறகு 14416. இது 2022ல் ஆரம்பித்த மனநல உதவி எண், இலவசம், இருபத்திநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு "நட்புடன் உங்களோடு" என்று பெயர். முதல் தடவை போன் செய்தபோது மலையடிவாரத்துப் பக்கம் போய் நின்று பேசினார், வீட்டில் பேச பயம். பேசியவர்கள் திட்டவில்லை, பாவம் புண்ணியம் பேசவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எப்போது கை போனுக்குப் போகிறது, அதற்கு முன்னால் மனசு எப்படி இருக்கிறது என்று தான் கேட்டார்களாம். அவர்கள் சொல்லி திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் சில தடவை போய் வந்தார். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014ல் இருந்தே இதற்கென்று ஷட் கிளினிக் என்று தனியாக ஒன்று இயங்குகிறது. அண்ணனுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

அவர் கண்டுபிடித்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கை போனுக்குப் போவது ஆசையில் இல்லை. பெரும்பாலும் கூலி பாக்கியைப் பற்றிய கவலை வரும்போதும், அடுத்த பாவு எப்போது வரும் என்று தெரியாமல் தறி சும்மா கிடக்கும்போதும் தானாம். வேலை இல்லாத நாட்களில் தான் ராத்திரி நீளும். சாரி, இதற்கு எந்த ஆப்பிலும் செட்டிங் கிடையாது. எங்கள் ஊரில் பாவு இல்லாமல் தறி நிற்பது போன் வருவதற்கு முன்னாலேயே இருக்கிற பிரச்சனை. இதையும் சேர்த்துப் பேசாமல் "இந்தக் காலத்துப் பசங்க" என்று மட்டும் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

மற்றபடி செய்தது எல்லாம் சின்னச் சின்ன வேலை. ராத்திரி போனை பெரியம்மா படுக்கிற அறையில் சார்ஜ் போடுவது. எழுந்திருக்க ஆரணி கடைத்தெருவில் வாங்கிய அலாரம் கடிகாரம். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வைத்தது. (ஜரிகையின் நிறம் பார்த்தே பழகின ஆளுக்கு அது போதும், பார்க்கவே பிடிக்கவில்லை என்றார்.) நடுவில் இரண்டு மூன்று தடவை பழையபடி போயிற்று. முன்பு என்றால் "நான் உருப்பட மாட்டேன்" என்று அந்த வாரமே முழுசாகப் போயிருக்கும். இப்போது மறுநாள் காலையில் தறிக்குழியில் இறங்கி விடுகிறார். அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டு மேலே நெய்வது தானே நம்ம வேலை என்பார்.

பெரியம்மாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. போன் ஏன் தன் அறையில் சார்ஜ் ஆகிறது என்று அவர்களும் கேட்டதில்லை. கல்யாணம் தை மாதம். கட்டிக்கப் போகிற அண்ணியிடம் சொல்லி விட்டாராம், கடைசி ஆளாக என்னிடம் தான் சொன்னார். "இன்னாண்ணா சொன்னாங்க?" என்று கேட்டேன். "1930 நம்பரை எழுதி வாங்கிக்கிட்டாடா, அவ தம்பிக்கு வேணுமாம்" என்றார்.